ஆடி மாதத்து மண்டப வெளிச்சம்

நான் சொல்லப்போவதைப் பல வருஷமாக நானே முழுசாக நம்பவில்லை, தம்பி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களும் நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் கேட்டுவிட்டீர்களே, 'காற்று இப்படிப் பேயாக அடிக்கிறது, அந்தக் காற்றாலைகள் மட்டும் ஏன் சார் சும்மா நிற்கின்றன' என்று. அதற்கு நான் பதில் சொல்ல ஆரம்பித்தால் என் கல்யாணத்தில்தான் போய் முடியும். வேறு மாதிரி சொல்ல எனக்கு வராது.

ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள். பஸ் வள்ளியூர் தாண்டினால் கண்ணில் மண்தான்.

முதலில் பதில். கரண்ட் என்பது பால் மாதிரி கூட இல்லை. பால் மீந்தால் உறை ஊற்றலாம். கரண்டை இந்த நொடி செய்து இந்த நொடியே தீர்க்க வேண்டும். காற்று அதிகமாக அடித்து, வாங்க ஆள் இல்லை என்றால், இறக்கையை நிறுத்து என்று போன் வந்துவிடும். அதனால்தான் அவை நிற்கின்றன. சரி, அடுத்த நாள் காற்று திடீரென்று படுத்துவிட்டால்? அப்போது எல்லோரும் விளக்குப் போட்டிருப்பார்கள். நிலக்கரிக் கொதிகலனை உசுப்பிவிட அரை நாள் ஆகும். காற்றைக் கெஞ்ச முடியாது. ஆக, கெஞ்ச வேண்டியது மனுஷனை. காற்று இருக்கும்போது செலவழியப்பா, இல்லாதபோது அணையப்பா என்று. சும்மா சொன்னால் கேட்பானா? விலை வைத்துச் சொல்ல வேண்டும். அந்த விலையை எப்படி வைப்பது, யாருக்கு, எந்த நேரத்துக்கு என்று யோசிப்பதுதான் என் தொழில். மின்சாரச் சந்தை வடிவமைப்பு.

என் அம்மா அதைத் தரகர்களிடம், "எம் மவன் கரண்டுக்குச் சந்தை போடுதான்" என்று சொல்வாள். அவர்கள் நான் வாரச் சந்தையில் பல்பு விற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். நாற்பத்தொரு வயது வரைக்கும் எனக்குப் பெண் அமையாததற்கு அதுதான் காரணம். என் சுபாவம் காரணம் என்று சிலர் சொல்வார்கள். அது ஆதாரமில்லாத பேச்சு.

பூவன்விளை என்று ஓர் ஊர் வரும், இன்னும் கொஞ்ச நேரத்தில். பெரிய ஊர் இல்லை. ஒரு ஐஸ் ஃபேக்டரி, ஒரு அரிசி ஆலை, ஒரு சினிமாக் கொட்டகை, ஒரு கல்யாண மண்டபம். சுற்றிலும் காற்றாலைகள். ஒரு புதிய திட்டத்தைச் சோதித்துப் பார்க்க என் நிறுவனம் அந்த ஊரைத்தான் கொடுத்தது. விதிகளை எழுதியவன் நான். இரண்டே விதி. ஒன்று, காற்று நன்றாக அடிக்கும் நேரத்தில் கரண்ட் ஏறக்குறைய இனாம். இரண்டு, காற்று படுத்துவிட்டால் 'காற்று குறைந்தது, அணைக்கவும்' என்று உங்கள் செல்போனுக்கு ஒரு செய்தி வரும். வழக்கமாக அந்த நேரத்தில் எவ்வளவு செலவழிப்பீர்களோ அதில் எவ்வளவு குறைக்கிறீர்களோ, அதற்கு வெகுமதி. வழக்கம் என்றால் எது? முந்தைய பத்து நாள் சராசரி.

அழகான விதிகள். இப்போதும் சொல்கிறேன், தனித்தனியாகப் பார்த்தால் அவற்றில் ஒரு குறையும் கிடையாது.

அந்தக் கல்யாண மண்டபத்தில்தான் ஊர்க்காரர்களைக் கூட்டி விளக்கினேன். மண்டபக்காரர் தாணுலிங்கம். ஆள் குட்டை, குரல் பெரிசு. கணக்கு, சமையல், நாற்காலி, வாடகை எல்லாம் பார்த்துக்கொண்டது அவருடைய தங்கை உலகம்மை. எம்.காம். படித்தவள். பின்வரிசையில் உட்கார்ந்து வெற்றிலை கிள்ளுவதுபோல் ஒரு பூவைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள்.

"சார், நாங்க ஏற்கெனவே சிக்கனமா இருக்கோம். எங்களுக்கு என்ன உண்டு?"

"குறைத்தால்தான் அம்மா வெகுமதி."

"அப்ப குறைக்கணும்னா மொதல்ல கூட்டணும்."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். பாவம், புரியவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு முறை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "சாருக்கு எந்த ஊரு?" என்றாள். சொன்னேன். "அம்மா இருக்காவளா?" இருக்கிறாள் என்றேன். "நட்சத்திரம்?" அனுஷம் என்றேன். திட்டத்தில் மக்கள் ஈடுபாடு காட்டுகிறார்கள் என்று அன்றைய அறிக்கையில் எழுதினேன்.

அது ஆனி மாதம். ஆடி பிறந்தது.

ஆடியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணவாய் வழியாகக் காற்று கொட்டும் மாதம். அதே ஆடியில் ஒரு கல்யாணம் நடக்காது. தமிழ்நாடு முழுக்க மண்டபக்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிவைத்துவிட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதம். ஆனால் திருநெல்வேலியில் என் கம்ப்யூட்டரில் பார்த்தால், பூவன்விளையில் மற்ற எல்லா இடத்தையும்விட அதிகமாகக் கரண்ட் குடிப்பது மண்டபம். காற்று படுக்கிறது, நான் செய்தி அனுப்புகிறேன், மண்டபம் அடுத்த நிமிஷம் பூஜ்யம். அடடா, என்ன ஒத்துழைப்பு! அலுவலகத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருவனுக்கும் 'இது ஆடியாச்சே' என்று தோன்றவில்லை. அதில் நானும் ஒருவன். என்ன செய்வது, எங்கள் கம்ப்யூட்டரில் இங்கிலீஷ் மாதம்தான் தெரியும்.

நேரில் பாராட்டிவிட்டு வரலாம் என்று ஒரு சாயங்காலம் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெரிந்தது. வாசலில் வாழைமரம். கூரையிலிருந்து தரைவரை சீரியல் விளக்கு. நாதஸ்வர ரெக்கார்டு. உள்ளே போனால் முதல் வரிசையில் தாணுலிங்கம் தனியாக உட்கார்ந்து, ஏசிக் குளிருக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு பேப்பர் படிக்கிறார். பின்வரிசைகளில் ஊர்க் கிழவர்கள் எல்லாம் தூங்குகிறார்கள். சமையற்கட்டில் கல்யாண கிரைண்டர்கள் ஓடுகின்றன. அந்தத் தெருவிலுள்ள பெண்கள் அரிசியும் உளுந்தும் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். யார் வீட்டு மாவும் அங்கேதான் அரைபட்டது.

"யாருக்குக் கல்யாணம்?" என்றேன்.

"சராசரிக்கு" என்றாள் உலகம்மை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காற்றடிக்கும்போது கரண்ட் இனாம். இனாமாகக் கிடைப்பதை எரித்து எரித்துச் சராசரியை ஏற்றிவைக்கிறார்கள். காற்று நின்றதும், யாருக்கும் தேவைப்படாத விளக்கை அணைத்துவிட்டு வெகுமதி வாங்குகிறார்கள். என் இரண்டு விதிகளும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கூத்தாடிக்கொண்டிருந்தன.

"இது மோசடி" என்றேன்.

"எந்த விதிப்படி? படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

என் விதிகளை நானே முழுக்கப் படித்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

"நின்னுக்கிட்டே கோவப்படாதீங்க. மாவு இருக்கு. ரெண்டு தோசை வாக்கட்டுமா?"

உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும், நல்ல தோசை. நான் உடனே மேலிடத்துக்கு எழுதியிருக்க வேண்டும். ஆனால் ஒரு நாள் பார்த்ததை வைத்து முடிவுக்கு வருவது விஞ்ஞானம் ஆகாது. அதனால் தினமும் சாயங்காலம் போய் ஆய்வு செய்தேன். அந்த ஆய்வின்போது அவள் சில கேள்விகள் கேட்பாள். ஆவணியில் லீவு கிடைக்குமா என்று கேட்டாள். திட்டம் எவ்வளவு நாள் ஓடும் என்று தெரிந்துகொள்ளத்தான். வேட்டி கட்டினால் எட்டு முழமா நாலு முழமா என்று கேட்டாள், சும்மா பேச்சுக்கு. நானும் திட்டத்தைத் தவிர வேறு எதுவும் பேசியவன் இல்லை. என் அப்பா செத்தது, எனக்கு இருட்டில் தனியாகச் சாப்பிடப் பிடிக்காதது, இப்படிப் பொதுவாகச் சில விஷயங்கள் இடையில் வந்திருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் மும்பையிலிருந்து திட்டத்தை மதிப்பிட ஓர் அம்மாவை அனுப்பினார்கள். டிசோசா மேடம். நன்றாகச் சிரிப்பார், ஆனால் ஒன்றையும் நம்பமாட்டார். அவர் கையெழுத்துப் போட்டால் திட்டம் மாநிலம் முழுக்கப் போகும். இல்லையென்றால் ஏழு வருஷமாக நான் போட்ட சந்தைக்கு அன்றோடு மூடுவிழா. என்னை எந்த வேலைக்கு மாற்றுவார்கள் என்றுகூட எனக்குத் தெரியும். மீட்டர் பெட்டி பெயின்ட் அடிக்கும் பிரிவு.

அவருக்கு ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டுமாம். செய்தி போவதையும் ஊர் அணைவதையும். நாள் முழுக்க ஜீப்பில் அலைந்தோம். காற்று நிற்கவே இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நான் காற்றை, 'நில்லாதே, நில்லாதே' என்று வேண்டினேன். நின்றால் மண்டபத்துக்குத்தானே கூட்டிப்போகச் சொல்வார்! அவருக்கு இரவு ரயில். 'சரி, ஸ்டேஷனுக்குப் போகலாம்' என்றார். டிரைவர் ஜெபராஜ் வண்டியைத் திருப்பினான். அவனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தெட்டு வயது, சுருட்டை முடி, கல்யாணம் ஆகாதவன். பின்னால் வருவான்.

வண்டி திரும்பியதும் மரங்கள் அசைவதை நிறுத்தின. மலைப்பக்கம் ஒவ்வொரு இறக்கையாகச் சோர்ந்தது. என் செல்போனிலிருந்து செய்தி தானாகப் போயிற்று. மேடம் கைதட்டினார். "அருமை! யார் உங்களுடைய முதல்தரப் பங்கேற்பாளர்? அங்கே போகலாம்."

போனோம். விளக்கு வைக்கும் நேரம். மண்டபம் சொன்னபடி அணைந்திருந்தது. வாழைமரம், தோரணம், அரை இருட்டில் நாற்காலி நிறைய ஜனம், ஏசி நின்றதால் எல்லோரும் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார்கள். மேடம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஒரு திருமணத்தின் நடுவில்... மின்தொகுப்புக்காக விளக்கை அணைத்திருக்கிறார்களா?"

தாணுலிங்கம் ஓடி வந்தார். மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மணமக்கள் எங்கே? நான் அவர்களை வாழ்த்த வேண்டும்" என்றார். நான்தான் மொழிபெயர்த்தேன். என் வாயாலேயே.

தாணுலிங்கம் என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "பொண்ணு என் தங்கச்சி" என்றார். "மாப்ள..." ஒரு நிமிஷம் கை அந்தரத்தில் நின்றது. பிறகு என் தோளில் விழுந்தது. "மாப்ள இவருதான்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "இன்று உங்களுக்குக் கல்யாணமா? காலையிலிருந்து என்னோடு ஜீப்பில் சுற்றுகிறீர்களே!"

'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்புறம் இந்த விளக்கும் வாழைமரமும் எதற்கு என்ற கேள்வி வரும். திட்டம் அத்தோடு காலி. திட்டத்துக்காகத் தலையை ஆட்டினேன். திட்டத்துக்காக மட்டும். நான் ஆட்டின வேகத்தில் கழுத்து சுளுக்கியிருக்கும் என்று உலகம்மை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு எல்லாவற்றையும் பெரிதாக்கிச் சொல்லும் பழக்கம்.

பின்வரிசையிலிருந்து சண்முகக்கனி அண்ணாச்சி எழுந்தார். பழைய போஸ்ட் மாஸ்டர். தூக்கம் கலைந்த கோபம்.

"ஏ தாணு! ஆடியில கல்யாணமா வே? ஊரு உருப்படுமா?"

"அந்தப் பெரியவர் என்ன சொல்கிறார்?" என்றார் மேடம்.

"ஆசீர்வாதம் செய்கிறார்" என்றேன்.

உலகம்மை சமையற்கட்டிலிருந்து வந்தாள். கையில் மாவுகூட இல்லை. அண்ணனிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து அறைக்குள் போய், வாழை இலையில் சுற்றி வைத்திருந்த இரண்டு மாலைகளை எடுத்து வந்தாள். தோவாளைப் பூச்சந்தை மாலை. ரோஜாவும் சம்பங்கியும். தண்ணீர் தெளித்து, வாடாமல், புத்தம் புதுசு. என்னை மேடையில் ஏற்றினார்கள். நான் ஜீப் புழுதியோடு, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு நின்றேன்.

"குனியுங்க" என்றாள், மெதுவாக. "எனக்கு எட்டலை."

குனிந்தேன். மாலை கழுத்தில் விழுந்த அதே நேரத்தில், நான் பொய் சொல்லவில்லை தம்பி, காற்று திரும்பி வந்தது, யாரோ மெயின் சுவிட்சைப் போட்டார்கள். மண்டபம் முழுக்க சீரியல் விளக்கு பளீரென்று எரிந்தது. கிரைண்டர்கள் உறுமின. ரெக்கார்டு விட்ட இடத்திலிருந்து பிடித்தது, அது விட்ட இடம் கெட்டிமேளம். அண்ணாச்சிகூடக் கைதட்டிவிட்டார். டிசோசா மேடம் அழுதார். 'சமூகப் பங்கேற்புக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இந்தியாவில் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். ரயிலையும் தவறவிட்டார்.

தாலி கட்டவில்லை. ஆனால் பூவன்விளையில், ஊரே பார்க்க மேடையில் மாலை மாற்றிய பிறகு, 'அது மின்தொகுப்புக்காக' என்று சொல்லித் தப்ப முடியுமா? மறுநாள் காலையில் என் அம்மா வந்து இறங்கிவிட்டாள். அவளுக்கு யார் போன் செய்தார்கள் என்பது எனக்கு இன்னும் தெரியாது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். எனக்கு லீவு கிடைத்தது. எட்டு முழ வேட்டி.

திட்டமா? மாநிலம் முழுக்கப் போயிற்று. போன இடமெல்லாம் ஆடியில் காலி மண்டபங்களில் விளக்கு எரிந்தது. இரண்டு வருஷத்தில் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் நானே யோசித்து ஒரு மாற்று வழி கண்டுபிடித்தேன். சராசரியே வேண்டாம். நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்று இன்றைக்கே நீ வாங்கிவிடு. வாங்கியதற்குக் காசு கொடு. நாளைக்கு மிச்சமானால் அன்றைய விலைக்குத் திருப்பி விற்றுக்கொள். இல்லாத விளக்கை அணைத்துக் காட்ட வேண்டியதில்லை. ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உலகம்மை போனில் ஒரு பெண் வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "முந்நூறு இலைன்னு முந்தின நாளே சொன்னீங்க, முந்நூறு இலைக்குத்தான் காசு, வராத ஆளுக்கு நான் என்ன செய்ய, மிஞ்சின சோத்தை வேணும்னா வித்துக்கிடுங்க" என்று. அப்போதுதான் எனக்கு இந்த யோசனை தோன்றியது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. அந்த நேரத்தில் தோன்றியது, அவ்வளவுதான்.

இப்போது என் சந்தேகத்துக்கு வருகிறேன்.

அன்றைக்கு என் பெயர் எப்படி வந்தது? மைத்துனரைக் கேட்டால், "பதட்டத்துல வாயில வந்தது வந்துட்டு மாப்ளே" என்பார். உலகம்மையைக் கேட்டால், "அண்ணனுக்குப் பதட்டத்துல வாயில வந்தது வந்துட்டு" என்பாள். பன்னிரண்டு வருஷமாக இரண்டு பேரும் ஒரு எழுத்து மாற்றாமல் சொல்கிறார்கள். நான் அளவீட்டில் காலம் கழித்தவன். இரண்டு மீட்டர் எப்போதும் ஒரே எண்ணைக் காட்டினால் எனக்குத் தூக்கம் வராது.

யோசித்துப் பாருங்கள். சீரியல் விளக்கு எதற்கு? சராசரிக்கு. ஏசி எதற்கு? சராசரிக்கு. கிரைண்டர், ரெக்கார்டு, வெந்நீர் அண்டா எல்லாம் சராசரிக்கு. வாழைமரம்கூட, கரண்ட்காரன் யாராவது எட்டிப்பார்த்தால் கல்யாணம் என்று நினைக்க. எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. அந்தப் பூமாலை எதற்கு? பூமாலைக்குக் கரண்ட் ஆகாது. அது எந்த மீட்டரிலும் ஏறாது. அதுவும் அன்றைக்குக் காலையில் கட்டிய பூ. ஆடியில் தோவாளைக்கு ஆள் அனுப்பி ஜோடி மாலை வாங்கியது யார்?

ஏன் இத்தனை வருஷமாகக் கேட்கவில்லை என்கிறீர்களா? ஜெபராஜ். அன்றைக்கு மண்டபத்துக்குள் என் இடதுபக்கம்தான் நின்றான். தாணுலிங்கத்தின் கை அந்தரத்தில் ஒரு நிமிஷம் நின்றது என்று சொன்னேனே, அந்த ஒரு நிமிஷம் என்னைப் படுத்துகிற பாடு! கை கொஞ்சம் இடதுபக்கம் விழுந்திருந்தால்? சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்ற பல்பு எதுவோ அது எரிந்தது, அவ்வளவுதானா நான்? அந்தத் திட்டம் செத்ததும் இந்த இடத்தில்தான். நடந்ததை மீட்டர் காட்டும். இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதை எந்த மீட்டரும் காட்டாது. அதற்கு ஒரு சூத்திரம் கண்டுபிடிக்க நான் இன்னும் முயற்சி செய்கிறேன்.

கேட்டு, அவள் 'யாரா இருந்தாலும் சரின்னுதான்' என்று சொல்லிவிட்டால்? இந்த வயதில் அதைத் தாங்கிக்கொண்டு நான் எங்கே போக? சந்தேகமாகவே இருந்தால் பாதியாவது என் பக்கம் இருக்கிறதே.

அவளையே கேட்டுவிடலாமே என்கிறீர்களா? சின்ன வயசு, உங்களுக்கு எல்லாம் சுலபம். அதோ, முன்னால் பெண்கள் சீட்டில், பச்சைப் புடவை, கண்டக்டரோடு சில்லறைக்கு வழக்காடிக்கொண்டிருக்கிறாளே, அவள்தான். மைத்துனர் மகளுக்கு நாளைக்குக் கல்யாணம். அதே மண்டபம். நாங்கள் பூவன்விளையில் இறங்க வேண்டும். இதோ வந்துவிட்டது. பார்த்தீர்களா, பெரிய காற்றாலை, இப்போது சுற்றுகிறது. யாரோ வாங்கிவிட்டான்.

எழுந்து வருகிறாள். பை மறந்துவிடுவேன் என்று பயம் அவளுக்கு.

"என்னங்க, எறங்கலையா? அந்தப் பிள்ளைகிட்ட இன்னும் சந்தை போட்டு முடியலையா?"

"உலகு, ஒரு நிமிஷம். இந்தத் தம்பி தெரிஞ்சுக்கணுமாம். எனக்கில்லை, தம்பிக்குத்தான். அன்னைக்குக் காத்து நிக்காமலே இருந்து, அந்த மேடம் நேரா ரயிலுக்குப் போயிருந்தா, நீ வாங்கி வச்சிருந்தியே, அந்த ரெண்டு மாலையையும் என்ன செஞ்சிருப்பே?"